பைலட் மாப்பிள்ளையின் பதினான்கு கோரிக்கைகள்

சக்கரபாணி ஏழு சம்பள ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டவர். ஏழிலும், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகும் வரைக்கும் நிர்வாகம் கொடுத்த டீயைத் தொட்டதில்லை. பிஸ்கட் தட்டை ஒரு விரலால் நகர்த்தி நகர்த்தி மேஜையின் அந்தக் கோடிக்கே அனுப்பிவிடுவார். மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஜாபர் என்கிற தறி மேஸ்திரி, அதில் பத்தொன்பது வருஷம் சங்கத்தின் இணைச் செயலாளர். முதல் உட்காரலில் அவர் எதற்கும் தலையாட்டமாட்டார் என்பது முதலியார்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். அவசரப்பட்டு ஒத்துக்கொண்டது தன் கல்யாணம் ஒன்றுக்குத்தான் என்று மில் கேட் கூட்டங்களில் சொல்லிச் சிரிக்கவைப்பார். வீட்டில் அதைச் சொன்னதில்லை.

கல்யாணப் பேச்சிலும் இப்படி ஒரு விதி உண்டு. அது அவர் போட்டதில்லை, ஊர் போட்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். ஆகவே 1981 ஜூன் மாதத்து முதல் புதன்கிழமை, லபோர்த் வீதியில் ஆதிலட்சுமி அம்மாள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த சக்கரபாணிக்கு எதிரே இருந்த கேசரி, ஊர் விதிப்படியும் சங்க விதிப்படியும் தொடக்கூடாத கேசரியாக இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி தனக்கொடி. அந்தக் கேசரியில் எத்தனை முந்திரி என்று அவள் எண்ணி முடித்துவிட்டாள்.

ஆதிலட்சுமியின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மாதாமாதம் பான்சியோன் என்று பிரெஞ்சுப் பென்ஷன் வருகிறது. ஒரே பையன் தேவதாஸ், முப்பத்தாறு வயது, பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பிரான்சுக்குப் போனவன். அங்கே விமானப் படையில் பறக்கக் கற்றுக்கொண்டு, இப்போது சோப்பும் தலைக்குப் போடும் சாயமும் செய்கிற ஒரு கம்பெனியின் சொந்த ஜெட் விமானத்தை ஓட்டுகிறான். எட்டுப் பேர் உட்காரலாம். அதில் ஏறுகிறவர் பெரும்பாலும் ஒரே ஒருவர், கம்பெனியின் முதலாளி. ஒரு மாத லீவில் பெண் பார்க்க வந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சக்கரபாணியின் மகள் சந்திரகலாவைப் பார்த்துவிட்டுப் போனான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆறு வருஷமாக டிரங்க் ஆப்பரேட்டராக இருக்கிறவள், இருபத்தேழு வயது. நாலு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொன்னவள், இவனோடு பத்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு வந்து, பிடித்திருக்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

தரகர் கண்ணையன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓட ஆரம்பித்தார். ஏனென்றால் நாள் குறைவு. தேவதாஸுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படிப்பட்டவர்கள் கல்யாணத்துக்கு, பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பத்து நாள் பதிவு ஆபீஸ் பலகையில் ஒட்டிவைக்க வேண்டும். லீவு இருபத்தெட்டாம் தேதி முடிகிறது. பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை நாலு மணிக்குள் பெயர் கொடுத்தால் இருபத்தாறாம் தேதி முகூர்த்தம். தவறினால் அடுத்த லீவு எப்போது என்பது சோப்புக் கம்பெனிக்கே தெரியாது.

கூடத்தில் ஆதிலட்சுமியே பேச்சை ஆரம்பித்தாள். மகனுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் பிராங்க் என்றாள். கொஞ்சம் இடைவெளி விட்டு, நம்ம ரூபாயில் கிட்டத்தட்ட இருபதாயிரம் என்றாள். இந்த இடத்தில் இதற்கு முன் வந்த பெண் வீட்டார் எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். சக்கரபாணி இழுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"தம்பி, ஒரு நாளைக்கு எம்மாம் நேரம் வேலை?"

தேவதாஸ் அம்மாவைப் பார்த்தான், பிறகு சுவரில் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்த தன் போட்டோவைப் பார்த்தான். இரண்டு மணி நேரம் பறப்பேன் என்றான். ஆதிலட்சுமிக்கு முகம் மலர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு இருபதாயிரம் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் சக்கரபாணி அடுத்த கேள்வியைப் போட்டார். பறக்காத நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்றார்.

அந்தக் கேள்வியை அந்த மனிதனிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. காத்துக்கொண்டிருப்பேன் என்றான். முதலாளி ஜெனீவாவில் சாப்பிடப் போவார், இரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு வருவார், வந்ததும் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்பார். அதுவரை விமானத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்தாலும் கட்டில் பக்கத்திலேயே டெலிபோன். அது அடித்தால் ஒரு மணி நேரத்தில் விமானத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வாரத்தில் எந்த நாள் லீவு என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும், அதுவும் திங்கட்கிழமை மாறிவிடும். பெட்டி தூக்குகிறவர் யார் என்று கேட்டார் சக்கரபாணி. நான்தான் என்றான். உள்ளே பெருக்குவது? நானும் இன்னொரு பைலட்டும். காப்பி? அதையும் நாங்களே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைப்போம். முதலாளி அம்மாவின் நாய் கூட வந்தால் அதற்குத் தனியாகத் தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும்.

"கக்கூஸு?" என்றார் சக்கரபாணி.

திரை போட்டு ஒன்று இருக்கிறது என்றான் தேவதாஸ். அதை யார் காலி செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னான்.

ஆதிலட்சுமி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். லபோர்த் வீதி முழுக்க என் பிள்ளை காப்பித்தேன், அதாவது கேப்டன், பத்ரோன் என்கிற முதலாளியே அவனை எழுந்து நின்று கூப்பிடுவார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவளுக்குக் காது ரொம்ப நல்ல காது. கேசரி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் மரத்த குரலில். சக்கரபாணி இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது தனக்கொடி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையை என்று, கூடவே இறங்கிய தரகர் கண்ணையன் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சக்கரபாணி தாளும் பென்சிலும் எடுத்தார். காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான் என்பது அவர் கட்சி. கரண்ட் போய்த் தறி நின்றால், நிற்கிற தறி பக்கத்தில் நிற்கிறவனும் வேலை செய்கிறான் என்று இதே மில்லில் மூன்று வருஷம் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கணக்கில் இந்தப் பையனுக்கு ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேர வேலை. மாதத்துக்கு இருபத்தாறு நாள். பெருக்கினார், வகுத்தார். மணிக்கு முப்பத்திரண்டு ரூபாய் வந்தது. தன் சம்பளத்தையும் அதே மாதிரி வகுத்துப் பார்த்தார். மூன்று ரூபாய் அறுபது பைசா வந்தது. பையன் தூங்குகிற நேரத்தைச் சேர்த்தும்கூட இவரை மாதிரி ஒன்பது மடங்கு. இந்த இடத்தில் கணக்கை நிறுத்தி, தாளை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். தொகையைப் பார்க்கக்கூடாது, நிபந்தனையைத்தான் பார்க்க வேண்டும் என்று தனக்கொடியிடம் சொன்னார். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கேட்டது சந்திரகலாதான். ஷிப்டு முடிந்து வந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, இன்னாப்பா முடிவு என்றாள். இப்பத்தானே ஒரு உட்காரல் ஆகியிருக்கு என்றார். திங்கட்கிழமை பதினைந்தாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். பன்னிரண்டு நாள் நிறைய நாள் என்று அவர் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. தேவதாஸ். தனியாக வந்திருந்தான். பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறான் என்று தனக்கொடி உள்ளே ஓடி மகளுக்குப் புடவை மாற்றச் சொன்னாள். அவன் வந்தது பெண்ணைப் பார்க்க இல்லை. நேற்று ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் என்று சக்கரபாணி பக்கத்தில் உட்கார்ந்தான். யூனிபாரத்தைச் சலவைக்குப் போடுவது தன் கைக்காசு என்றான்.

சக்கரபாணி நாற்காலியில் நிமிர்ந்தார். "இத நேத்தே சொல்லியிருக்கணும் தம்பி. இது தனி அயிட்டம்."

அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு சைக்கிள் மணி. ஒன்பது வருஷமாக அந்த மனிதன் தன் குறைகளை வானத்தில் வைத்துக்கொண்டே சுற்றியிருக்கிறான், இறக்கிவைக்க ஓர் இடம் இந்த முதலியார்பேட்டையில் கிடைத்தது. இரவுப் பறத்தலுக்குத் தனிப் படி கிடையாது. பிரான்சில் இருந்துகொண்டு ஒரு டம்ளர் ஒயின் குடிக்க முடியாது, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. முதலாளி விமானத்தை விற்றுவிட்டால் ஒரு மாத நோட்டீஸோடு வேலை போய்விடும். முதலாளிக்கு மூடுபனி பிடிக்காது, ஆனால் மூடுபனி உள்ள ஊரில்தான் அவருக்கு வேலை. சக்கரபாணி ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதினார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, தேவதாஸ் பக்கத்திலேயே பிரெஞ்சில் எழுதிக்கொண்டான். இதைப் பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்புவது, அவர்கள் ஒத்துக்கொண்டால் பெண்ணைக் கொடுப்பது. இது சக்கரபாணியின் திட்டம். அந்தத் தபால் பாரிசுக்குப் போய்ச் சேரவே பத்து நாள் ஆகும் என்று கண்ணையன் தலையில் அடித்துக்கொண்டதை இருவருமே காதில் வாங்கவில்லை.

நாலாவது நாள் தேவதாஸ் அவரைத் தோழர் என்று கூப்பிட்டான். சக்கரபாணிக்கு ஒரு கணம் உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. அடுத்த கணம் என்னவோ இடித்தது. மாமா என்று கூப்பிட வேண்டிய பையன்.

சந்திரகலா காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு, கொஞ்சம் மெதுவாகவே தாண்டுவாள். தேவதாஸ் தலை நிமிர்ந்து ஒரு சிரிப்புச் சிரிப்பான். உடனே சக்கரபாணி, ஏழாவது கோரிக்கையில் நாயைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்பார். தலை குனிந்துவிடும். ஒரு மாத லீவில் வந்தவன் அவளோடு பேசியது மொத்தம் பத்து நிமிஷம், அதுவும் முதல் நாள்.

பத்தாம் தேதி ஆதிலட்சுமி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். பட்டுப் புடவை, கையில் குடை, முகத்தில் மழை இல்லாத இடி. தனக்கொடி ஓடிப்போய் மோர் கலந்து கொண்டுவந்தாள். வேண்டாம் என்று கையால் மறைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"பொண்ணு கேட்டு வந்தோமுங்க. பொண்ணத் தர்றீங்களா, இல்ல எம் புள்ளய உங்க சங்கத்துல சேத்துக்கிறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சக்கரபாணி அடக்கமாகவே பதில் சொன்னார். பெண்ணைக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை, வேலை நிபந்தனைகள்தான் நிலுவையில் இருக்கின்றன என்றார். நீங்கள் மில்லில் என்ன நிபந்தனையில் வேலை செய்கிறீர்கள், பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு என்று அவள் கேட்டாள். அதனால்தான் கேட்கிறேன் என்றார். அவள் மகனைப் பார்த்து, வீட்டுக்கு வா என்றாள். தேவதாஸ் பதினோராவதில் இருக்கிறோம் அம்மா, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். அவள் ரிக்‌ஷாவில் ஏறியபோது குடையை உள்ளேயே விட்டுவிட்டாள், திரும்பி எடுக்கவும் வரவில்லை.

அன்று தனக்கொடி புருஷனோடு சண்டை போட்டாள். நல்ல பையன், குடிக்காத பையன், கக்கூஸ் கழுவுகிறேன் என்று பெண் வீட்டில் உண்மை சொல்லுகிற பையன். இவனை விட்டால் என் பெண்ணுக்கு யார் கிடைப்பார் என்றாள். சக்கரபாணி சுவரைப் பார்த்துக்கொண்டு, அந்த ஊரில் அவள் தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து, இவன் எப்போது வருவான் என்று எத்தனை மணி நேரம் காத்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாயா என்றார். அதற்குப் படி கிடையாது என்றார்.  தனக்கொடி ஆதிலட்சுமியின் குடையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

திங்கட்கிழமை வந்தேவிட்டது. பதினான்கு கோரிக்கைகளும் தயார். மூன்றாவது கோரிக்கையை மட்டும் சக்கரபாணி மூன்று தடவை திருத்தினார், அவருக்கு அதுதான் செல்லக் கோரிக்கை. ஒருமுறை கொடுத்த விடுமுறையை எக்காரணம் கொண்டும் நடுவில் ரத்து செய்யக்கூடாது. கண்ணையன் காலையிலிருந்து வாசலிலேயே நின்று ஒவ்வொரு கால் மணிக்கும் நேரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டேகால் என்று அவர் சொன்னபோது சந்திரகலா உள்ளே வந்தாள்.

செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, நேராகத் தேவதாஸைப் பார்த்துச் சொன்னாள்.

"பாரிஸ்லேர்ந்து உங்களுக்கு பி.பி. கால் வந்துச்சு."

பி.பி. கால் என்றால் ஒரு குறிப்பிட்ட ஆளை மட்டும் கூப்பிடுகிற கால். அந்த ஆள் இருந்தால்தான் பேச்சு, பணம் எல்லாம். ஆதிலட்சுமி வீட்டில் போன் கிடையாது. வீதி முனை மருந்துக் கடை நம்பரை தேவதாஸ் கம்பெனியில் கொடுத்துவிட்டு வந்திருந்தான். மெட்ராஸ் வழியாக வந்த கால், பன்னிரண்டே முக்காலுக்குச் சந்திரகலாவின் போர்டில் விழுந்தது. கடையில் கேட்டாள், ஆள் இல்லை என்றார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். மெட்ராஸ் ஆப்பரேட்டர் அவளை அந்தப் பக்கத்து அம்மாவோடேயே இங்கிலீஷில் பேச விட்டுவிட்டாள். முதலாளியின் செக்ரட்டரி. முதலாளியின் மச்சினிக்குப் புதன்கிழமை ஏதோ ஒரு தீவில் பிறந்தநாள் விருந்தாம். இன்னொரு பைலட்டுக்குக் கால் சுளுக்கு. நாளைக்கே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்றாளாம்.

தேவதாஸ் எழுந்துவிட்டான். எழுந்தது அவனுக்கே தெரிந்திருக்காது. மடியில் இருந்த பதினான்கு கோரிக்கைகளும் தரையில் சிதறின. பஸ் எத்தனை மணிக்கு, மெட்ராஸில் டிக்கெட் கிடைக்குமா என்று கண்ணையனைக் கேட்டான்.

சந்திரகலா குனிந்து தாள்களைப் பொறுக்கினாள். "போக வேணாம். நான் சொல்லிட்டேன்."

"இன்னா சொன்ன?" என்றார் சக்கரபாணி.

"பார்ட்டி லீவுல இருக்காரு, இருவத்தெட்டாந் தேதி வரைக்கும். அதுக்கப்புறம் கூப்பிடுங்கன்னேன்."

 அதற்குச் சக்கரபாணி பேசியதை நினைத்தால் அவருக்கே பிற்பாடு வெட்கமாக இருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்றார். முதலாளியே கூப்பிட்டிருக்கிறார், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீ யார் பதில் சொல்ல என்றார். அந்த மாதிரி இடத்தில் ஒரு நாள் வரவில்லை என்றாலே ஆளை மாற்றிவிடுவார்கள், மாதம் இருபதாயிரம், மணிக்கு முப்பத்திரண்டு ரூபாய், இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும், போச்சு, எல்லாம் போச்சு என்றார். கண்ணையனை டிரங்க் கால் புக் செய்ய ஓடச் சொன்னார். நாளைக்கே வருகிறான் என்று சொல்லிவிடலாம் என்றார்.

தனக்கொடி அடுப்பங்கரை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி.

"ஏங்க, மூணாவது கோரிக்கை இன்னான்னு எழுதினீங்க? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சே."

சக்கரபாணி வாயை மூடினார். ஏழு ஒப்பந்தத்தில் எந்த மேனேஜரும் அவர் வாயை இப்படி மூடவைத்ததில்லை.

தேவதாஸ் இன்னும் நின்றுகொண்டே இருந்தான்.  அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டான்.

"கொஞ்ச நேரம் பேப்பர் பெரட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், ஆமா, எழுதியிருக்கு, மறந்துட்டேன், ரெண்டு நாளைக்கு வேற ஆள வச்சுக்கிறோம்னாங்க. மெர்சின்னாங்க, தாங்க்ஸாம். வச்சுட்டாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவன் உட்கார்ந்தான். கண்ணையன் மணி சொல்ல வாயைத் திறந்தார், தனக்கொடி கரண்டியைக் காட்டியதும் மூடிக்கொண்டார்.

"எங்கப்பா செத்தப்ப வந்தேன்," என்றான் தேவதாஸ். அவளிடம்தான் சொன்னான். "எட்டாம் நாளே கூப்பிட்டாங்க. போயிட்டேன். காரியத்துக்கு நான் இல்ல. அம்மா எங்க சித்தப்பாவ வச்சு முடிச்சுது. இந்த ஒம்போது வருஷத்துல அஞ்சு தடவ லீவுல பாதியில போயிருக்கேன். வரமாட்டேன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல. சொல்லலாம்னே தோணல."

அவன் கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் பார்க்கவில்லை.  பதினோரு நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து நாய்க் கிண்ணம் வரைக்கும் கேட்ட சக்கரபாணி, இதைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பதினான்கு எண் போட்டு எழுதிய தாளில் இது இல்லை.

சந்திரகலா பொறுக்கிய தாள்களை அடுக்கி அப்பாவின் மேஜைமேல் வைத்தாள், மேலே பேப்பர் வெயிட்டையும் வைத்தாள். பிறகு தேவதாஸுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தான் தினம் எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ காத்திருக்கிறவள் என்றாள். காத்திருப்பது தனக்குக் கஷ்டமில்லை. பிரெஞ்சும் கற்றுக்கொள்வாள், அங்கேயும் ஒரு போர்டில் உட்காருவாள். ஆனால் ஒன்று.

"அந்த வீட்ல போன் அடிச்சா எடுக்கிறது நான்தான். கட்டில் பக்கத்துல வேணாம். என் பக்கத்துல இருக்கட்டும்."

சரி என்றான் தேவதாஸ். யோசிக்கவே இல்லை. பன்னிரண்டு நாள் பேசாமல் இருந்த இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அவள் எழுந்து, நாலு மணிக்குள் பெயர் கொடுக்கப் போக வேண்டும், வழியில் லபோர்த் வீதியில் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொள்ளலாம், அவர்கள் குடை இங்கேதான் இருக்கிறது என்றாள். அப்பாவைப் பார்த்தாள்.

சக்கரபாணி தன் நாற்காலியிலேயே இருந்தார். ஆட்சேபணை எதுவும் இல்லை. ஒரு ஆட்சேபணைகூட அகப்படவில்லை. அடுத்த மாதம் இந்தக் கூடத்தைத் தாண்டிச் சாப்பாட்டுப் பையோடு அவள் போகமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. இந்தப் பன்னிரண்டு நாளும் சோப்புக் கம்பெனியோடு தான் எதற்காகச் சண்டை போட்டோம் என்பதும் தெரிந்தது. நேரத்துக்காகவோ படிக்காகவோ சலவைக்காகவோ இல்லை. என் பெண்ணை இவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோகாதே என்று ஒருவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, எண் போட்டு எழுதியிருக்கிறார்.

"வருஷத்துக்கு ஒரு மாசம்…" என்றார். அதற்கு மேல் வரவில்லை. கேட் கூட்டத்தில் மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரல் அது.

தேவதாஸ் பதில் சொல்லப் போனான். சந்திரகலா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். அப்பாவின் பக்கத்தில் வந்து, அவர் தோளில் கை வைத்தாள்.

"ஒரு மாசம்னா ஒரு மாசம் இங்கதாம்பா. நடுவுல யாரு கூப்பிட்டாலும் போகமாட்டேன்."

சக்கரபாணி தலையாட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, சலவைச் சட்டை எங்கே என்று தனக்கொடியைக் கேட்டார்.